எப்ப வந்த? எப்ப போற?

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இடம்பெயர்ந்தவர் யார், அவரை எப்படி வரையறுப்பது, எப்படி எண்ணுவது என்று புதிய கணக்கெடுப்பு உத்தியோகத்தர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மண்டபம். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலால் தொண்டை கிழியக் கத்தி, யார் குடிபெயர்ந்தவர், யார் வெறும் பயணி, யார் திரும்பி வந்தவர் என்று வெள்ளைத் திரையில் சிவப்பு வெளிச்சப் புள்ளியை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளையில் ஒரு பிள்ளை மரியாதையாகக் கேட்டாள்: "சேர், உங்கட குடும்பத்தில ஆரும் வெளிநாட்டில இரிக்காங்களா?" நான் ரோல்ஸைக் கடித்தபடி, "எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல பிள்ள" என்றேன். அன்று மாலை மோட்டார் சைக்கிளில் வாவிப் பாலத்தைத் தாண்டும்போதுதான், என் அக்காவின் கணவர் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டாரில் இருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. அப்போது நான் போட்டிருந்த சேர்ட்டும், கையில் கட்டியிருந்த மணிக்கூடும், அக்குளில் அடித்திருந்த வாசனைத் திரவியமும் அவர் கொண்டுவந்து தந்தவை. பாலத்தின் நடுவில் நிறுத்தி, என்னை நானே கொஞ்ச நேரம் ஏசிக்கொண்டேன். இறால் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இது வழக்கமான பைத்தியம்தான் என்று முடிவெடுத்தவர்போலத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அத்தானை யாரும் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்வதில்லை. 'அவர் வேலைக்குப் போயிருக்காரு' என்பா அக்கா. பக்கத்துத் தெருவில் கம்பி வளைக்கப் போன மனிதர், மீன் குழம்பு ஆறுவதற்குள் வந்துவிடுவார் என்பது போன்ற குரல் அது. ஒருமுறை வீட்டு விபரம் எடுக்க வந்த ஒருவர், வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார். அக்கா முதல் பெயராக அத்தானின் பெயரைச் சொல்லியிருக்கிறா. அவரோடும் ஒரு வார்த்தை கதைக்க வேண்டும், எங்கே என்று கேட்டதற்கு, வேலைக்குப் போயிருக்காரு, இருங்க, தேத்தண்ணி போடுறன் என்றிருக்கிறா. அந்த மனிதர் தேநீரைக் குடித்துவிட்டு, பேப்பர் வாசித்துவிட்டு, இன்னொரு தேநீரும் குடித்துவிட்டு, எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டபோதுதான், வாற வருசம் சித்திரைக்குப் பிறகு என்று பதில் கிடைத்ததாம். இந்தக் கதையை நான் எல்லா வகுப்பிலும் சொல்லுவேன். எல்லா வகுப்பிலும் சிரிப்பார்கள். அக்காவின் பதிலில் ஒரு பிழையும் இல்லை என்பதை மட்டும் நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

அத்தான் கதிரவெளிக்காரர். ஆரையம்பதியில் கலியாணம் முடித்து வந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்கு வருவான். பிறகு அந்த வீடு மகளுக்குப் போகும். இன்னொரு மகள் இருந்தால் இன்னொரு வீடு கட்டியாக வேண்டும். கதிரவெளியில் அத்தான் பிறந்த வீடு அவருடைய தங்கைக்குப் போனது. ஆரையம்பதி வீடு அக்காவுடையது, அதாவது மூத்த மகளுக்கு என்று ஏற்கெனவே எழுதப்படாமல் எழுதப்பட்டது. அதே வளவின் மறுபக்கத்தில் இளைய மகளுக்காக அத்தான் ஒரு வீட்டைத் தொடங்கினார். இத்தனை வீட்டுக்காகவும் அவர் தூங்கியது கட்டாரில் ஒரு தொழிலாளர் முகாமில், இரண்டு அடுக்குக் கட்டிலின் கீழ்த் தட்டில். 'வழக்கமாக வசிக்கும் இடம்' என்று எங்கள் துறையில் ஒரு சொற்றொடர் உண்டு. அதுதான் இந்தக் கணக்கெல்லாவற்றுக்கும் அத்திவாரம். அதை அத்தானிடம் விளக்கியபோது அவர் நன்றாக யோசித்துவிட்டு, "எனக்கு வழக்கமா வசிக்கிற எண்டா அந்தக் கட்டில்தான் மச்சான். அதிலயும் மேல் தட்டுக்காரன் உருண்டா எனக்கும் நித்திரை போயிரும்" என்றார்.

இரண்டு வருட ஒப்பந்தம், முடிவில் இரண்டு மாத லீவு. இதுதான் அவருடைய காலண்டர். லீவில் வந்தால் மணிக்கூட்டைக்கூட மாற்றமாட்டார். கட்டார் நேரத்திலேயே இருக்கும். எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். பகல் சோற்றுக்கு அக்கா கூப்பிடும்போது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் பசிக்க நேரமாகவில்லை என்பார். வந்த மறுநாள் காலையில் குளித்துச் சாரத்தை மாற்றிக்கொண்டு வேலி வாசலான கடப்படியில் போய் நிற்பார். அந்த வழியால் போகிற எல்லோரும் சைக்கிளை நிறுத்தி ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பார்கள். எப்ப வந்த? எப்ப போற? மீன்காரர் கேட்பார், பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்பார், காத்தான்குடியிலிருந்து புடவை கொண்டுவருகிற முஸ்லிம் வியாபாரி நானா கேட்பார். முதற் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட இடமிருக்காது. இரண்டுக்கும் அத்தான் திகதியோடு பதில் சொல்லுவார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்: "விருந்தாளியெண்டு சொல்லாமச் சொல்லுறானுகள்."

இந்த இரண்டு கேள்விகளையும் நான் பல வருடம் வெறும் ஊர் வாயாகத்தான் நினைத்திருந்தேன். பிறகு, உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட வரையறையைப் படிக்க வேண்டி வந்தபோது, அதிலும் கிட்டத்தட்ட இவைதான் இருந்தன. ஒருவர் எப்போது வந்தார். எவ்வளவு காலம் இருந்தார், அல்லது இருக்க எண்ணுகிறார். பன்னிரண்டு மாதம் என்பது கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் இடம்பெயர்ந்தவர், இந்தப் பக்கம் என்றால் விருந்தாளி. பெரிய பெரிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து படித்தவர்கள் கண்டுபிடித்ததை எங்கள் மீன்காரர் ஐஸ் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விடுகிறார் என்று வகுப்பில் ஒரு பகிடி விட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

எங்கள் கணக்கில் இருந்த ஓட்டை வேறு மாதிரியானது. வேலைக்காக வெளியே போகிறவரைப் போகும்போது பதிகிறோம். திரும்பி வரும்போது அவரை யாரும் பதிவதில்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் அவர் பாடு. லீவு முடிந்து மறுபடி புதிய ஒப்பந்தத்தில் போனால் மறுபடி பதிகிறோம். ஆகவே அத்தான் எத்தனை ஒப்பந்தம் முடித்தாரோ, பதிவில் அத்தனை பேர் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. நான் கொஞ்ச நாள் அவரை 'அத்தான்மார்' என்று பன்மையில் கூப்பிட்டுப் பார்த்தேன். "உங்கட புருசன் ஒரு கிராமம் அக்கா, அவருக்கு ஒரு தபால் கந்தோரும் போடலாம்" என்றேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. நிமிராமலே, "ஒரு மனிசனையே காணக் கிடைக்குதில்ல, உனக்கு ஒரு ஊரே இரிக்கோ?" என்றா. பகிடியை அதோடு விட்டுவிட்டேன்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் தலைமை அலுவலகத்தில் ஒரு குழு போட்டார்கள். வீட்டுக்கு வீடு போய் கேட்கிற புதிய கேள்விகளைத் தயாரிப்பது அதன் வேலை. மட்டக்களப்பிலிருந்து நானும் அதில் இருந்தேன். என்னை ஏன் போட்டார்கள் என்பதற்கு, கூட்டத்தில் யாராவது பேச வேண்டுமே என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு கேள்வியில் நான் உண்மையாகவே சண்டை பிடித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டில் நிற்கிறவரிடம், அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு இங்கே இருக்கிற எண்ணம் உண்டா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் லீவில் வந்தவரையும் அடியோடு வந்தவரையும் பிரிக்க முடியாது. எங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள், முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால், முகம் பார்க்காதே, எழுதியிருக்கிறபடி வாசி, ஒருவருக்கும் விதிவிலக்கில்லை என்று கையேட்டில் போட வைத்தேன். அந்த வெற்றியை அன்றே கட்டாருக்குப் போன் எடுத்து அத்தானுக்கு அறிவித்தேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார். வேலை முடிந்து வந்து சப்பாத்தையும் கழற்றாமல் கட்டிலில் கிடக்கிற ஒரு மனிதரிடம் கேள்வியின் சொல்லமைப்பைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்கிற மைத்துனன் எல்லோருக்கும் வாய்க்காது.

பிறகு அவர் வந்தார். ஒப்பந்தம் முடிய முன்னமே வந்தார். காலும் முகமும் வீங்கியிருந்தன. அந்த வெயிலில் அத்தனை வருடம் தண்ணீரை அளந்து குடித்த சிறுநீரகங்கள் இரண்டும் களைத்துவிட்டன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிழமைக்கு இருமுறை மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மணிக்கூட்டைக் கட்டார் நேரத்திலேயே வைத்துக்கொண்டு, லீவில் வந்திருக்கிறேன் என்றார். அக்காவும் லீவு என்றா. பிள்ளைகளும் லீவு என்றார்கள். இளையவளின் வீட்டுச் சுவர் எழும்பி, கூரை போடாமல் நின்றது. கூரை இல்லாமல் வீடு இல்லை, வீடு இல்லாமல் அவளுக்குக் கலியாணப் பேச்சு இல்லை. கொஞ்சம் தேறியதும் போய் ஒரேயொரு ஒப்பந்தம் முடித்துவிட்டு வந்தால் எல்லாம் சரி என்றார். அதை நம்பியது அவர் மட்டும்தானா, அவரும் நம்பவில்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முதல் மாதம் அவர் கடப்படியில் போய் நின்றபோது வழக்கம்போல் கேட்டார்கள். எப்ப வந்த? எப்ப போற? வாற மாதம் என்றார். அந்த மாதம் வந்து போனது. திரும்பவும் கேட்டார்கள். தீபாவளி முடிய என்றார். கேட்ட இரவெல்லாம் அவர் நித்திரையில்லாமல் வளவுக்குள் நடந்ததாக அக்கா சொன்னா. பிறகு ஒரு கட்டத்தில் இரண்டாவது கேள்வி நின்றுவிட்டது. சைக்கிளை நிறுத்துவார்கள், சாப்பாடு என்ன என்பார்கள், மழை வருமா என்பார்கள், போய்விடுவார்கள். சனங்களுக்கும் ஒரு மனம் இருக்கிறது, தாமாகவே விளங்கிக்கொண்டார்கள் என்று நான் நினைத்தேன். உள்ளுக்குள் ஊரை மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

புதிய கேள்விகளைச் சோதித்துப் பார்க்கத் தெரிவான இடங்களில் அக்காவின் ஒழுங்கையும் இருந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஆனால் என் வகுப்பில் படித்தவர்கள் என்னைவிட மோசமாகக் கேட்பார்களே என்று பயந்து நானே போனேன். அந்த ஒரு கேள்வியை மெதுவாகத் தாண்டிவிடுவது என்பது என் திட்டம். விதிவிலக்கில்லை என்று கையேட்டில் போடவைத்த அதே ஆள்தான் இப்படித் திட்டம் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தான் வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஊசி போட்ட கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. குசினியில் அக்கா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நான் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் டெப்லட்டோடு உள்ளே போனேன்.

"வாங்க அரசாங்கம்" என்றார். "இஞ்சேர் புள்ள, அரசாங்கம் வந்திரிக்கு, கதிரை ஒண்டு எடு!"

"அரசாங்கத்துக்குக் கால் இரிக்குத்தானே, எடுத்துக்கொண்டு இரிக்கச் சொல்லுங்க" என்றா அக்கா உள்ளே இருந்து.

பெயர் கேட்டேன், வயது கேட்டேன். தெரியாதவனிடம் சொல்வதுபோல் நிமிர்ந்திருந்து சொன்னார். 

"தொழில்?"

"கம்பி வளைக்கிற."

"எங்க?"

"கட்டார்ல."

"இப்ப?"

"இப்ப கதிரையில" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து முடிக்க மூச்சு வாங்கியது.

கடைசியாக நாட்டுக்கு வந்தது எப்போது என்று கேட்டேன். திகதி சொன்னார். பதிந்தேன். அடுத்த கேள்வி திரையில் வந்து நின்றது. நான் விரலால் அதைத் தள்ளிவிட்டு, "சரி அத்தான், குடிக்கிற தண்ணி எங்கயிருந்து எடுக்கிற?" என்றேன்.

"நில்லு மச்சான். இடையில ஒண்டு கிடந்துதே?"

"என்ன ஒண்டு?"

"நடியாத. அந்தக் கேள்வியப் பத்திப் போன்ல என்ட காத அறுத்த ஆள் நீ. எல்லாருக்கும் கேக்கணும், முகம் பாக்கக் கூடாது எண்டு சண்ட புடிச்சன் எண்டாய். இப்ப என்ட முகத்தில என்ன எழுதிக் கிடக்கு?"

"இல்ல அத்தான், அது லீவில வந்த ஆக்களுக்குத் தேவையில்ல" என்று உளறினேன். அது லீவில் வந்தவர்களுக்காகவே எழுதப்பட்ட கேள்வி என்பது அவருக்கும் தெரியும்.

அத்தான் முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தி, குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடப்படியால போற சனம் ஒண்டும் இப்ப எனக்கிட்ட எப்ப போற எண்டு கேக்கிறல்ல மச்சான். மீன்காரன்கூடக் கேக்கிறல்ல. மழையப் பத்திக் கதைக்கான். செத்த மையத்துக்கிட்டத்தான் மனே எப்ப போற எண்டு ஒருத்தரும் கேக்காத. நீயாவது கேளு. உனக்குச் சம்பளமே அதுக்குத்தானே தாறாங்க."

நான் டெப்லட்டில் பின்னுக்குப் போனேன். எழுதியிருந்தபடியே வாசித்தேன்: அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்கு இந்நாட்டில் வசிக்கும் எண்ணம் உங்களுக்கு உண்டா? என் குரல் பஸ் நிலையத்து ஒலிபெருக்கிபோல இருந்தது. அத்தான் வளவின் மறுபக்கத்தில் கூரையில்லாமல் நின்ற சுவரைப் பார்த்தார். சுவரின் மேல் ஒரு காகம் இருந்தது.

"எண்ணத்தத்தானே கேக்கிற?"

"ஓம் அத்தான்."

"நடக்குமா எண்டு கேக்கல்லத்தானே?"

"இல்ல."

"அப்ப போடு. எண்ணம் இரிக்கு. நான் இனிப் போகல்ல, இஞ்சதான் இரிக்கன் எண்டு போடு."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. பிறகு அது தொடங்கவேயில்லை. நான் 'ஆம்' என்பதைத் தொட்டேன். கருவிக்கு ஒரு தயக்கமும் இல்லை. அடுத்த கணமே குடிநீர் எங்கிருந்து என்று கேட்டது. "கிணத்தில" என்றார் அத்தான், அதைவிட முக்கியமான விசயம் உலகத்தில் இல்லை என்பதுபோல.

நான் இருக்கும்போதே போனை எடுத்துக் கட்டாரில் அவருடைய மேற்பார்வையாளருக்குப் பேசினார். பாதி ஹிந்தி, பாதி அரபு, நடுவில் எங்கள் தமிழ். அவர் வருவார் என்று முகாமில் அவருடைய கட்டிலை இன்னும் வைத்திருந்தார்களாம்; போர்வையும் ஒரு சோற்றுப்பானையும் அதன் கீழே இருந்தனவாம். போனை வைத்துவிட்டு, "கட்டில ஒரு நேப்பாளிக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டன். பானை நல்ல பானை" என்றார். முகம் இலேசாகிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. வீட்டுக்குப் போகிற வழியில், என் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வி ஒரு மனிதருக்கு உதவியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று பாலத்தில் நிற்கவில்லை. நின்றிருந்தால் பாட்டுப் பாடியிருப்பேன், வலை போடுகிறவர் வாவிக்குள் விழுந்திருப்பார்.

அதற்குப் பிறகு அத்தான் கடப்படிக்கு வருவது குறைந்தது. வேப்பமரத்தடியில் இருப்பார். கூரையைப் பற்றிக் கதைப்பதில்லை. மணிக்கூட்டைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார். நான் கொண்டுபோகிற பகிடிகளுக்குச் சிரிப்பார். ஆனால் பதிலுக்கு ஒன்று சொல்லமாட்டார். களைப்பு என்று நினைத்தேன். மாரி தொடங்கி, வாவி நிரம்பி, படுவான்கரையில் வயல் வட்டைகள் எல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்த ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற முறையன்று காலையில், எழும்பவில்லை. கதிரவெளியிலிருந்து அவருடைய தங்கை நனைந்துகொண்டு வந்து, எங்கட வீட்டிலயாவது ஒரு இரவு படுத்திருக்கலாமே என்று அழுதா. அவர் பிறந்த வீட்டைத்தான் எங்கட வீடு என்றா. சரியாகத்தான் சொன்னா, அது அவவுடையதுதான்.

சோதனைக் கணக்கெடுப்பின் இரண்டாவது சுற்றில், முன்பு எண்ணம் சொன்னவர்கள் சொன்னபடி இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். அத்தானின் பதிவைக் கணினி ஏற்க மறுத்தது. கொழும்பிலிருந்து குழுவின் தலைவி அம்மணி போன் எடுத்தா. சிங்களவர், தமிழை ஒவ்வொரு சொல்லாகத் துடைத்து வைத்துப் பேசுவா. நல்ல மனுசி. "மிஸ்டர், இவர் இருக்க எண்ணம் என்று சொன்னார். ஆனால் பன்னிரண்டு மாதம் முடியவில்லை. விதிப்படி இவர் திரும்பி வந்தவர் இல்லை. லீவில் வந்த இடத்தில் இறந்தவர். அப்படி மாற்றுங்கள்" என்றா.

மாற்ற முடியாது என்றேன். என் வாழ்நாளில் மேலதிகாரி ஒருவருக்குப் பகிடி கலக்காமல் நான் சொன்ன வசனம் அது ஒன்றுதான். பிறகு நீளமாக ஒரு குறிப்பு எழுதினேன். ஒருவர் எங்கே வாழ்கிறார் என்பதை அவர் எங்கே வாழ முடிவெடுத்தார் என்பதிலிருந்து பிரிக்க முடியாது. மரணம் ஒருவரை நாடு மாற்றாது. வீட்டுக்கு வந்து செத்தவனை விருந்தாளியென்று எழுதினால் நாம் அளக்கிறது இடப்பெயர்வை அல்ல, ஆயுளை. இப்படியெல்லாம். கூட்டத்தில் வாசித்தபோது என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, தடிமல் பிடித்திருக்கிறது என்றேன். அத்தானின் பெயரைச் சொல்லவில்லை. அம்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதில் விசயம் இருக்கிறது என்றா. கொஞ்ச மாதத்தில் கையேட்டில் ஒரு வரி சேர்ந்தது: காலம் நிறைவடைவதற்குள் இறந்தவர் விடயத்தில், அவர் தெரிவித்த எண்ணத்தையே கொள்க. நான் எழுதிய அத்தனை பக்கத்திலிருந்தும் மிஞ்சியது அந்த ஒரு வரி. ஆனால் அது மிஞ்சியது.

அந்தக் கையேடு வந்த அன்றே அக்காவிடம் போனேன். இளையவளின் வீட்டுக்கு இன்னும் கூரையில்லை. வெயில் நேரே விழுகிறது என்று அக்கா உள்ளறைத் தரையில் நெல் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தா. வாசலுக்கென்று விட்ட இடைவெளியில் நின்று முழுவதையும் சொன்னேன். கணினி மறுத்தது, கொழும்பு மறுத்தது, நான் விடாதது, கடைசியில் விதியே மாறியது. "இனி அத்தான் லீவில வந்த ஆள் இல்ல அக்கா. இஞ்சத்த ஆள். திரும்பி வந்த ஆள் எண்டு பதிஞ்சாச்சு. அதை இனி ஒருத்தராலயும் மாத்த ஏலா." அக்கா நெல்லை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குக் கிளறிக்கொண்டு போனா. சந்தோசப்படுவா, அல்லது அழுவா என்று எதிர்பார்த்து நின்றேன். 

"கடப்படியில ஒருத்தரும் எப்ப போற எண்டு கேக்கிறல்ல எண்டு உனக்கிட்டச் சொன்னாருதானே" என்றா. "குசினிக்குள்ள எனக்கும் கேட்டிச்சு. சனம் தானாத்தான் கேக்காம விட்டிச்சு எண்டா நினைச்ச நீ?"

"வேற?"

"திகதி சொல்லிச் சொல்லி மனிசன் இரவெல்லாம் நடந்து திரிஞ்சாரு. வீடு வீடாப் போனன் நான். வாத்தியார்ட்ட, நானாட்ட, அந்த மீன்காரன்ட்ட மட்டுக்கும் போய்க் கெஞ்சினன். எப்ப வந்த எண்டு கேளுங்க, மற்றதக் கேக்காதீங்க, அவர் போகப்போற ஆளாவே இரிக்கட்டும் எண்டு. ஒரு ஊரே எனக்காக வாயப் பொத்திக்கொண்டு இரிந்திச்சு." 

காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தா.

"நீயும் பொத்திக்கொண்டு இரிந்திருந்தா, மனிசன் லீவில வந்த ஆளாவே செத்திருப்பாரு."